ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி: எம்35ஏ2 உரிமையாளருக்கான பழுதுநீக்க வழிகாட்டி

அமெரிக்க ராணுவம் கழித்துக் கட்டிய வாகனங்களுள், பொழுதுபோக்குக்காக வாங்குவோரிடம் மிகப் பரவலாகச் சென்று சேர்ந்தது எம்35ஏ2 என்னும் இரண்டரை டன் லாரி. 1950 வாக்கில் ரியோ நிறுவனத்தின் வடிவமைப்பாக ராணுவத்துக்குள் வந்த இந்த வரிசையைப் பின்னர் கைசர் ஜீப், ஏஎம் ஜெனரல் போன்ற நிறுவனங்களும் தயாரித்தன. மூன்று ஆக்சில்களும் இழுக்கும், பத்து டயர்கள், வெற்று எடையே ஏறக்குறைய 5,900 கிலோ. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் வீட்டு முற்றத்தில் வைத்தே பிரித்து மாட்டக்கூடிய அளவுக்கு எளிமையான இயந்திரம் இது. ஆனால் அந்த எளிமையை நம்பி, வாங்கிய மறுவாரமே பெரிய டயர், கூடுதல் எரிபொருள், புதிய பெயின்ட் என்று இறங்குவோர்தாம் அதிகம். வண்டியை முதலில் ராணுவக் கையேடு சொல்லும் நிலைக்குக் கொண்டு வந்து, அந்த நிலையில் சில மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே மாற்றங்களில் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழுதையும் மாற்றத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், பிறகு எந்தக் கோளாறு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் இயலாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றுள் முதலிடம் காகிதத்துக்கே. ராணுவ வாகனம் தனியார் கைக்கு மாறுகையில் அமெரிக்க அரசு வழங்கும் எஸ்எஃப்-97 என்னும் சான்று இருந்தால்தான் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் உரிமைப் பத்திரம் கேட்க முடியும்; சாலைக்கு உரியதல்ல என்ற குறிப்போடு விற்கப்படும் வண்டிகளுக்கு அது கிடைக்காமலும் போகலாம். பதிவு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், ஏலத்தில் விலை கேட்பதற்கு முன்பே உங்கள் மாநில அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்து, டாஷ்போர்டில் திருகப்பட்டிருக்கும் உலோகத் தகடுகளைப் படியுங்கள். தயாரித்த நிறுவனம், வரிசை எண், பணிமனையில் முழுமையாகப் புதுப்பித்த ஆண்டு முதலியன அவற்றில் இருக்கும். எஞ்சினுக்குத் தனித் தகடு உண்டு. வண்டியின் ஆண்டும் எஞ்சினின் ஆண்டும் பொருந்தாமல் இருப்பது இயல்பே. ராணுவப் பணிமனைகள் எஞ்சினை மாற்றிக்கொண்டே இருந்தன. மூன்றாவதாக, டிஎம் 9-2320-361 என்ற எண்ணுடைய கையேடுகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 என்று முடிவது ஓட்டுநருக்கு, 20 என்று முடிவது படைப்பிரிவுப் பணிமனைக்கு, 34 என்று முடிவது பெரிய பழுதுகளுக்கு. கீழே சொல்வன எவையும் அவற்றுக்கு மாற்று அல்ல.

பிரேக்

இந்த லாரியில் உயிரோடு விளையாடக்கூடிய பகுதி ஒன்று உண்டென்றால் அது பிரேக்தான். இன்றைய லாரிகளைப் போல முழு ஏர் பிரேக் இதில் இல்லை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் புறப்படுகிறது. வழியில் ஏர் பேக் (air pack) என்னும் உருளை காற்றழுத்தத்தின் துணையோடு அந்த அழுத்தத்தைப் பன்மடங்காக்கி ஆறு டிரம்களுக்கும் அனுப்புகிறது. எல்லாமே ஒரே சுற்று. ஆறு வீல் சிலிண்டர்களில் ஒன்று கசிந்தாலோ, துருப்பிடித்த ஒரு குழாய் வெடித்தாலோ, பெடல் தரையைத் தொட்டுவிடும். வேறு எந்தச் சக்கரத்திலும் பிரேக் மிஞ்சாது. கைப்பிரேக், எஞ்சினின் வலுவை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் உள்ள ஒற்றை டிரம்மில் மட்டும் பிடிப்பது. நிறுத்திய வண்டியை நகராமல் வைக்க அது போதும். ஓடுகிற ஆறு டன்னை நிறுத்துவதற்காக அதை நம்பக் கூடாது. அதன் நெம்புகோலின் தலையில் உள்ள குமிழைத் திருகினாலே பிடிமானம் கூடும் என்பதைப் பலரும் அறியாமல், பிரேக் தேய்ந்துவிட்டதாக எண்ணி அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, வண்டி வீட்டுக்கு வந்தவுடன் ஓட்டுநரின் காலடித் தரையில் உள்ள சிறிய மூடியைக் கழற்றுங்கள். அதன் கீழே மாஸ்டர் சிலிண்டரின் அடைப்பான் தெரியும். சுற்றியுள்ள மண்ணையும் துருவையும் நன்றாகத் துடைத்த பிறகே அதைத் திறக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு துகள் போதும், ரப்பர் வளையத்தைக் கீறிவிட. உள்ளே இருப்பது எந்த வகை ஆயில் என்று அறிவது அடுத்த வேலை. அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்தில் தன் வாகனங்களை டாட் 5 எனப்படும் சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாற்றியது. புதிதாக இருக்கும்போது அது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். நாளாக ஆக வெளிறி மஞ்சளாகிவிடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது தண்ணீர் எடுத்து, அதில் அந்த ஆயிலின் சில துளிகளை விட்டுக் கலக்கிப் பாருங்கள். சாதாரண டாட் 3 தண்ணீரோடு கரைந்துவிடும். சிலிக்கான் எண்ணெய் போலப் பிரிந்து நிற்கும். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. முந்தைய உரிமையாளர் கடையில் கிடைத்ததை ஊற்றியிருப்பதாகத் தெரிந்தால், முழுச் சுற்றையும் கழுவி ரப்பர் பாகங்களை மாற்றுவதே நேர்வழி. சிலிக்கான் ஆயிலில் காற்றுக் குமிழிகள் எளிதில் சிக்கிக்கொள்ளும்; டப்பாவைக் குலுக்காமல் மெதுவாக ஊற்றுங்கள்.

அறிகுறிகளை வைத்துப் பழுதைக் கண்டறிவது இதில் கடினமில்லை. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் ஏர் பேக்குக்குக் காற்று வரவில்லை, அல்லது அது வேலை செய்யவில்லை. பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. முதலில் ஏர் பேக்கில் உள்ள திருகிலும், பிறகு தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி வரிசையாகவும் ஏர் எடுக்க வேண்டும். தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் ஆயில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போவதுதான் ஏமாற்றும் அறிகுறி. அப்போது ஆயில் ஏர் பேக்கின் உள் சீல்களைத் தாண்டிக் காற்றறைக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த உருளையின் காற்றுப்போக்குக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய ஏர் பேக்கை உடனே மாற்றுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் யோசிக்காமல் மாற்றுங்கள். அவை வண்டியிலேயே விலை குறைந்த பொருள்கள்.

காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, முழுமையாக ஏறிய பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு அமைதியாக நின்று காது கொடுத்துக் கேட்பதே சிறந்த சோதனை. சீறல் கேட்கும் இடத்தில் சோப்பு நீரைத் தடவினால் நுரை எழும். வைப்பரும் ஹாரனும்கூடக் காற்றில் இயங்குபவை என்பதால் பிரேக்கோடு தொடர்பில்லாத கசிவுகளும் இதில் அகப்படும். அழுத்தம் குறைந்ததைச் சொல்லும் பஸ்ஸர் அலறிக்கொண்டிருக்கும்போது வண்டியை நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காற்றுத் தொட்டிகளின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்.

சக்கரமும் டயரும்

பூப்பூவாக முழு ஆழத்தோடு இருக்கும் 9.00-20 டயரைக் கண்டு மகிழ வேண்டாம். பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டைப் படியுங்கள். கடைசி எண்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மூன்றே எண்களாக இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தியது. ராணுவக் கிடங்கில் நின்றே காலம் கழித்த வண்டிகளில் தேயாத, ஆனால் வெடிப்பு விட்ட டயர்கள் சாதாரணம். இரு திசைக்கும் ஒன்றாகவே வெட்டப்பட்ட அந்தப் பூவமைப்பு ஈரமான தார்ச்சாலையில் மோசமாக வழுக்கும் என்பதையும் மழைக்காலத்தில் நினைவில் வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, அதுவும் அழுத்தமாக. இந்த ரிம்கள் ஒரே துண்டு அல்ல. டயரைப் பூட்டிப் பிடிக்கும் தனி வளையம் உண்டு. வளையம் சரியாக அமராமல் காற்றடித்தால் அது பீரங்கிக் குண்டாகப் பறக்கும், மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். கூண்டும் நீண்ட ஹோஸும் உள்ள லாரி டயர் கடையில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய விடுங்கள். எத்தனை கைத்தேர்ச்சி இருந்தாலும் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

வீல் நட்டுகளில் இடப்புறத்தவை இடஞ்சுழித் திருகுகள். வலப்புறம் கழற்றிய பழக்கத்தில் இடப்புறம் பெரிய குழாயை மாட்டி எதிர்த்திசையில் தொங்கி, ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். பின்சக்கரங்கள் இரட்டையாக இருப்பதால், உள்சக்கரத்தைத் தனித் தொப்பி நட்டும் வெளிச்சக்கரத்தை அதன்மேல் ஏறும் மற்றொரு நட்டும் பிடிக்கின்றன. உள் நட்டை இறுக்க வேண்டுமானால் வெளி நட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும். வெளியே மட்டும் இறுக்கிவிட்டுப் போனால் உள்சக்கரம் ஆடிக்கொண்டிருப்பது வெளியில் தெரியாது.

முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் திரும்பும் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைகளைப் பாருங்கள். கிழிந்திருந்தால் உள்ளே மண்ணும் நீரும் போய் மூட்டைத் தின்றுவிடும். முழுவதையும் பிரிக்காமல் மேலேயே சுற்றி மாட்டும் ஜிப் வைத்த உறைகள் கிடைக்கின்றன. பொழுதுபோக்கு ஓட்டத்துக்கு அவை போதும். ஆக்சில் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் ஆற்றைக் கடந்த நாள்களின் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது. வடித்துவிட்டு, வீல் பேரிங்குகளையும் கழற்றிக் கழுவிப் புதிய கிரீஸ் அடையுங்கள்.

24 வோல்ட்

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பு இது. இக்னிஷன் சாவி கிடையாது. ஸ்விட்சைத் திருப்பிவிட்டு ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் யாருக்கும் வண்டி கிளம்பிவிடும். எனவே எதிர்முனைக் கேபிளில் ஒரு துண்டிப்பு ஸ்விட்சைப் பொருத்துவது தீ ஆபத்துக்கும் திருட்டுக்கும் ஒரே மருந்து. ரேடியோவுக்கும் செல்பேசிக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுக்காதீர்கள். ஒன்று எப்போதும் குறைவாகவும் மற்றொன்று மிகையாகவும் சார்ஜ் ஆகி இரண்டுமே விரைவில் செத்துவிடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கிப் பொருத்துவதே முறை.

மின்கோளாறுகளில் பெரும்பாலானவை கம்பியால் வருவதில்லை, எர்த் சரியில்லாததால் வருகின்றன. ராணுவம் பெயின்ட்மேல் பெயின்ட் அடித்துக்கொண்டே போனதால், விளக்கின் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் இடையே பச்சைப் படலம்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சுரண்டி உலோகத்தை வெளிக்கொணர்ந்து மீண்டும் இறுக்கினால் பாதி விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். மீதிப் பாதிக்கு ஓர் அருமையான வசதி உண்டு: ஒவ்வொரு கம்பியின் முனையிலும் எண் பொறித்த சிறிய உலோகப் பட்டை சுற்றப்பட்டிருக்கிறது. கையேட்டின் மின்வரைபடத்தில் அதே எண் இருக்கும். முந்தைய உரிமையாளர் அந்தப் பட்டைகளை வெட்டி எறிந்து, நினைத்த நிறத்தில் கம்பி போட்டிருந்தால், அவரைச் சபித்துவிட்டு அந்த வயரிங்கைப் பிரித்துப் புதிதாகப் போடுங்கள், ஒட்டுப்போட்டுத் தொடராதீர்கள். ஹெட்லைட் எரியவில்லை என்று முறையிடுவோருள் சிலர் மூன்று நெம்புகோல்கள் கொண்ட விளக்கு ஸ்விட்சில் பூட்டு நெம்புகோலை விலக்காமல் முதன்மை நெம்புகோலைத் திருப்பப் பார்த்தவர்களாகவே இருப்பார்கள்.

எஞ்சின்

பெரும்பாலான எம்35ஏ2 லாரிகளில் இருப்பது எல்டிடி-465 வரிசையைச் சேர்ந்த ஆறு சிலிண்டர் மல்டிஃபியூவல் எஞ்சின். கொள்ளளவு 478 கன அங்குலம், அதாவது 7.8 லிட்டர், வேக வரம்பு நிமிடத்துக்கு 2,600 சுற்று. பிஸ்டன் தலையில் உள்ள கோளக் குழியின் சுவரில் எரிபொருளைப் படியவிட்டு எரிக்கும் முறை ஜெர்மனியின் மான் நிறுவனத்திடமிருந்து வந்தது. இந்திய ராணுவத்தின் சக்திமான் லாரியும் அதே நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூரில் உருவானது என்பதால், நம்மவர் சிலருக்கு இது தூரத்து உறவு.

டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அவசரத்தில் பெட்ரோல் என்று எதையும் எரிக்கும் என்பது உண்மைதான். அது போர்க்களத்துக்கான வசதி. பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டி ஊற்றிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். ஃபில்டர் அடைப்பதும் நாசில் கரி பிடிப்பதும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். நல்ல டீசலையே ஊற்றுங்கள்.

கிளம்ப மறுக்கும் எஞ்சினிடம் கேட்க வேண்டியவற்றை வரிசையாகக் கேட்டாலே விடை வந்துவிடும். எஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிள் முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா? நாள்கணக்கில் நின்ற வண்டியில் கைப்பிடி உள்ளே போனாலும் பம்பில் உள்ள நெம்புகோல் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஒருவர் கைப்பிடியை அசைக்க, மற்றொருவர் பம்பருகே பார்த்து உறுதிசெய்யுங்கள். ஸ்விட்சைப் போட்டவுடன் டேங்கினுள் உள்ள மின்பம்பின் முனகல் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் முதலில் அதன் இணைப்பானையும் எர்த்தையும் பாருங்கள். கேட்கிறது, ஆனால் எரிபொருள் வரவில்லை என்றால் மூன்று ஃபில்டர்களையும் வரிசையாகத் திறந்து தண்ணீரை வடித்து, பிறகு காற்றை வெளியேற்றுங்கள். குளிர்காலத்தில் இதற்கு குளோ பிளக் கிடையாது. உறிஞ்சுகுழாயில் சிறு தீச்சுடரை ஏற்றிக் காற்றைச் சூடாக்கும் அமைப்பு மட்டுமே உண்டு. அந்தச் சுடர் எரியும்போது, எஞ்சினைக் கிளப்ப உதவும் ஈதர் தெளிப்பானை அடித்தால் வெடித்துவிடும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும் வலு குறைந்தால் பெரும்பாலும் ஃபில்டர், அல்லது காற்றை உறிஞ்சும் உளுத்த ஹோஸ். இன்ஜெக்‌ஷன் பம்பில் பொருத்தப்பட்டிருக்கும், எரிபொருளின் அடர்த்திக்கேற்ப அளவை மாற்றும் கருவியின் அடியில் டீசல் கசிவது இந்த எஞ்சினின் குலநோய். டீசல் மட்டுமே ஊற்றுபவருக்கு அந்தக் கருவி தேவையில்லை. அதை விலக்கிவிட்டு எரிபொருள் திருகை ஒரே நிலையில் வைப்பதே வழக்கமான தீர்வு. எஞ்சின் ஆயிலின் மட்டம் உயர்ந்துகொண்டே போனால் மகிழ வேண்டாம். டீசல் அதில் கலக்கிறது. குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள், மணம் சொல்லிவிடும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகள் போகும். அதைவிடக் கொடியது, எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்குவது. உயர் கியரைப் போட்டு, பிரேக்கை முழுவதும் மிதித்து, கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும். இதை ஓட்டுநராக அமரும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாற்றங்கள்

முதல் மாற்றமாக நான் பரிந்துரைப்பது, வெளியில் யாரும் கவனிக்காத ஒன்று: இரட்டைச் சுற்றுப் பிரேக். இரு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரையும் இரண்டாவது ஏர் பேக்கையும் பொருத்தி, முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால், ஒரு குழாய் வெடித்தாலும் மற்றொரு பாதி வண்டியை நிறுத்தும். அதற்கடுத்து சீட் பெல்ட். அதன்பின் பவர் ஸ்டீயரிங். எம்35ஏ2 பவர் ஸ்டீயரிங் இல்லாமலே பிறந்தது, குறுகிய இடத்தில் திருப்புவது கைகளுக்குத் தண்டனை. ஸ்டீயரிங் கம்பிக்குக் காற்று உருளையால் உதவும் அமைப்பு மலிவானது, ஆனால் துல்லியம் குறைவு; ஹைட்ராலிக் அமைப்பு விலை கூடியது, உணர்வு நன்று. 1990களில் ராணுவமே புதுப்பித்த எம்35ஏ3 லாரிக்கு கேட்டர்பில்லர் 3116 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆகியவற்றோடு பவர் ஸ்டீயரிங்கும் கொடுத்தது என்பதே, இது சொகுசு அல்ல என்பதற்குச் சான்று.

பெரிய டயர் ஆசை எல்லோருக்கும் வரும். ஆக்சில் விகிதம் 6.72, மூல டயரில் உச்ச வேகம் மணிக்கு 56 மைல் அளவில் நின்றுவிடும். சக்கரங்களைத் தாங்கும் பின் ஹப்களைத் திருப்பி மாட்டி, இரட்டைச் சக்கரத்துக்குப் பதிலாக 395/85ஆர்20 ஒற்றை டயர்களைப் போட்டால், விட்டம் கூடுவதால் அதே எஞ்சின் வேகத்தில் 63, 64 மைல் வரை போகலாம். ஆனால் பிரேக் டிரம் அதே அளவுதான். நெம்பும் விட்டம் கூடியதால் நிறுத்தும் வலு குறைந்திருக்கிறது, வேகமோ கூடியிருக்கிறது. பிரேக்கைச் சீர்செய்யாமல் இதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். எந்த டயரைப் போட்டாலும் முன்னும் பின்னும் ஒரே விட்டமாக இருக்கட்டும். டிரான்ஸ்பர் கேஸ் டி136-21 வகையாக இருந்தால், பின்சக்கரம் சுழன்றதாக எண்ணி முன் ஆக்சிலைத் தானாகவே இணைத்துவிடும் பொறி அதில் உண்டு. விட்டம் வேறுபட்டால் அது தார்ச்சாலையிலும் இணைந்து பற்களை நெரிக்கும். டி136-27 வகையில் ஓட்டுநரே காற்று ஸ்விட்சால் இணைப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

எரிபொருள் திருகைத் திறந்து வலுவைக் கூட்ட விரும்பினால், டர்போவுக்கு முன்னுள்ள புகைக்குழாயில் வெப்பமானியைப் பொருத்திய பிறகே தொடுங்கள். ஏற்றத்தில் நீண்ட நேரம் இழுக்கும்போதும் முள் 1,200 பாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திருகைப் பின்வாங்குங்கள், அல்லது கியரைக் குறையுங்கள். கரும்புகை அழகாக இருக்கிறது என்பாருக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. வேக வரம்பை மட்டும் 2,600-க்கு மேல் தளர்த்தாதீர்கள்.

ஓர் ஆக்சிலை எடுத்து, சேஸிஸைச் சுருக்கி, நான்கு சக்கர வண்டியாக்கும் வேலை கண்ணுக்கு விருந்து. இதில் இறங்குவோர் பின்பக்க அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். இரு பின் ஆக்சில்களும் நடுவில் ஓர் அச்சில் ஊசலாடும் ஸ்பிரிங் கட்டின் இரு முனைகளில் தொங்குகின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றொன்றைப் பிடிக்க எதுவும் இருக்காது. எனவே புதிய ஸ்பிரிங் தாங்கிகளைச் சேஸிஸில் போல்ட் செய்ய வேண்டும். வெல்டிங்கால் சேஸிஸ் எஃகு வலுவிழக்கும் இடங்களைத் தேர்ந்த பட்டறையாளரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டைப் புதிய நீளத்துக்கு வெட்டிச் சமன்படுத்த வேண்டும். நீக்கிய ஆக்சிலின் பிரேக் குழாய் முனைகளை முறையாக அடைத்து, முழுச் சுற்றிலும் மீண்டும் ஏர் எடுக்க வேண்டும். வண்டி இலேசாகிவிட்டதால் காலியாக ஓடும்போது பின்சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொள்ளும். ஆளில்லாத திடலில் ஈரத்திலும் காய்ந்த தரையிலும் பலமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு எடைமேடையில் ஏற்றிப் புதிய எடையை எழுதி வாங்கி, பதிவிலும் காப்பீட்டிலும் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று ஆக்சில் என்று பதிந்த வண்டி இரண்டோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.